திவி தீவுகளின் ஃபுட்டி லீக்: வரலாறு, கிளப்புகள், ஒரு மனக்குறை

#1 டார்வின்வாசி

டார்வினில் குடியேறி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு மார்ச் மாதமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லன் பே படகுத்துறையில் விடியும் முன்பே வரிசை நீண்டுவிடும். எங்கே போகிறார்கள் என்று கேட்டால், திவி இறுதிப் போட்டிக்கு என்பார்கள். ஏழு ஆண்டுகள் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, கடைக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவன் நான். எட்டாவது ஆண்டில் அந்த வரிசையில் நானும் நின்றேன். அன்றிலிருந்து பிடித்த பைத்தியம் இது.

தெரியாதவர்களுக்காக: டார்வினிலிருந்து வடக்கே சுமார் 80 கி.மீ. கடல் தாண்டினால் பாதர்ஸ்ட், மெல்வில் என்று இரண்டு தீவுகள். நடுவில் ஆப்ஸ்லி நீரிணை என்னும் ஒடுங்கிய கடல். இரண்டு தீவுகளிலும் சேர்த்து மக்கள்தொகை 2,500ஐ ஒட்டித்தான். அங்கே 1969 முதல் ஒரு ஆஸ்திரேலிய ஃபுட்டி லீக் நடக்கிறது. 2,600 பேரில் 900 பேர் ஆட்டத்தோடு ஏதோ ஒரு வகையில் பதிவு செய்திருக்கிறார்கள் என்பது அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. மூன்றில் ஒருவருக்கு மேல். நாட்டிலேயே மிக உயர்ந்த விகிதம் என்கிறார்கள். இறுதிப் போட்டி நாளன்று 3,000 பேர் வரை மைதானத்தைச் சுற்றி நிற்பார்கள். அதாவது தீவின் மக்கள்தொகையைவிடக் கூட்டம் அதிகம்.

கிளப்புகளின் பெயர்கள்: இமாலு டைகர்ஸ், துயு பஃபலோஸ், முலுவுர்ரி மேக்பைஸ், ராங்கு ஈகிள்ஸ், தபலிங்கா சூப்பர்ஸ்டார்ஸ், வலாமா புல்டாக்ஸ், புமராலி தண்டர். முன்பாதி திவி மொழி, பின்பாதி மெல்பர்ன். தபலிங்கா என்றால் திவி மொழியில் நட்சத்திரம். ஆகவே அந்தக் கிளப்புக்கு ஒரே பெயர் இரண்டு முறை.

என் மனக்குறை இதுதான். இந்த லீக்கைப் பற்றி யார் எழுதினாலும் இரண்டாவது பத்தியில் மாரிஸ் ரியோலி, மைக்கேல் லாங், சிரில் ரியோலி என்று, தெற்கே மெல்பர்னின் பெரிய லீக்கில் பெயர் வாங்கியவர்களின் பட்டியல் தொடங்கிவிடும். கட்டுரை முடியும்போது நாம் அந்த லீக்கின் இறுதிப் போட்டி நடக்கும் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் நின்றுகொண்டிருப்போம். இந்த ஏழு கிளப்புகளில் ஒன்றைப் பற்றியும் ஒரு வரி மிஞ்சாது. இங்கே அதைப் பேசலாமா?

#2 மதுரை_முருகேசன்

அண்ணா, தலைப்பில் ‘திவி’ என்பதை ‘டிவி’ என்று படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். தொலைக்காட்சித் தீவு எங்கே இருக்கிறது என்று பார்க்க ஆசை. வந்தது வந்தாகிவிட்டது. இது கால்பந்தா, ரக்பியா? முட்டை வடிவப் பந்து என்றாலே எனக்கு எல்லாம் ஒன்றுதான்.

#3 டார்வின்வாசி

@முருகேசன், இரண்டும் இல்லை. 1859இல் மெல்பர்னில் விதி எழுதி உருவான தனி ஆட்டம். நீள்வட்ட மைதானம், பக்கத்துக்கு 18 பேர், நான்கு கால்பகுதிகள். இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையில் உதைத்தால் 6 புள்ளி, அதற்கு வெளிப்புற இடைவெளியில் போனால் 1 புள்ளி. பந்தை எறியக் கூடாது. உதைக்கலாம், அல்லது ஒரு கையில் வைத்து மறுகையின் முஷ்டியால் குத்திவிடலாம். உதைத்து வரும் பந்தைக் காற்றிலேயே பிடித்துவிட்டால் அது ‘மார்க்’. பிடித்தவரை யாரும் தொடக் கூடாது, நிதானமாக உதைக்கலாம். இவ்வளவு தெரிந்தால் போதும், மீதியை மைதான ஓரத்தில் நிற்கும் பாட்டிகள் கத்திக் கற்றுக்கொடுப்பார்கள்.

ஒரு விஷயம் மட்டும் கூடுதலாக. தெற்கே இது குளிர்கால ஆட்டம். இங்கே வடக்கில் தலைகீழ்: அக்டோபரில் தொடங்கி மார்ச்சில் முடியும். மழைக்காலம் முழுக்க ஆடுகிறார்கள். காரணம் எளிது. வறட்சி மாதங்களில் தரை செங்கல்லாக இறுகிவிடும், விழுந்தால் எலும்புதான். மழை பெய்தால்தான் மண் இளகும். டார்வினில் 1916இல் தொடங்கிய லீக்குக்கும் இதே கணக்குத்தான். திவி மொழியில் ஃபுட்டிக்கு ‘யிலோகா’ என்று பெயர்.

#4 ரிச்மண்ட்_ரசிகன்

டார்வின்வாசியின் மனக்குறை எனக்குப் புரியவில்லை. ஒரு சின்னத் தீவு, மாவட்ட அளவிலான ஒரு லீக். அதை உலகம் ஏன் பார்க்கிறது? அங்கிருந்து வந்தவர்களால்தானே?

மெல்பர்னின் பெரிய லீக்கில் 1982 இறுதிப் போட்டி. என் ரிச்மண்ட் கார்ல்டனிடம் 18 புள்ளிகளில் தோற்றது. ஆனால் ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் தோற்ற அணியின் மாரிஸ் ரியோலிக்கு. தோற்ற பக்கத்திலிருந்து அதைப் பெற்ற முதல் ஆள் அவர். 1993இல் எசெண்டனின் மைக்கேல் லாங் அதே பதக்கத்தை வென்றார். மேடையில் நின்று அதை அவர் கழுத்தில் போட்டவர் மாரிஸ் ரியோலி. 2015இல் ஹாதார்னின் சிரில் ரியோலி. தந்தை வழியில் மாரிஸ் அவருக்குச் சித்தப்பா முறை, தாய் வழியில் லாங் தாய்மாமன். ஒரே குடும்பத்துக்கு மூன்று பதக்கம். பிறகு எங்கள் டேனியல் ரியோலி: 2017, 2019, 2020 என்று மூன்று பட்டம். வெஸ்ட் கோஸ்டின் வில்லி ரியோலி 2018இல். இன்னொரு ஊர் இப்படிக் காட்டட்டும், பார்க்கலாம்.

இதைச் சொல்லாமல் லீக்கைப் பற்றி என்ன எழுதுவது? எந்த ஞாயிறு எந்தக் கிளப் எத்தனை கோல் அடித்தது என்றா?

#5 டார்வின்வாசி

ஆம், அதைத்தான். ஆனால் முதலில் உங்கள் பட்டியலையே எடுத்துக்கொள்வோம்.

மைக்கேல் லாங் பிறந்தது டார்வினில். ஆடியது டார்வினின் செயின்ட் மேரிஸ் கிளப்பில், பிறகு அடிலெய்டின் வெஸ்ட் டாரன்ஸ், பிறகு எசெண்டன். சிரில் ரியோலி வளர்ந்ததும் டார்வினில். 14 வயதில் மெல்பர்னில் விடுதிப் பள்ளிக்குப் போய்விட்டார். எசெண்டனில் ஆடிய ஆண்டனி மெக்டொனால்ட் திபுங்வுத்தி தீவுக்காரர்தான், ஆனால் பதின்ம வயதிலேயே விக்டோரியாவின் கிப்ஸ்லாந்துக்குப் போய் அங்கே நாட்டுப்புறக் கிளப்பில் ஆடி மேலே வந்தார். மாரிஸ் மெல்வில் தீவில் பிறந்தவர். அவரும் செயின்ட் மேரிஸ் வழியாகத்தான் 1975இல் மேற்கே சவுத் ஃப்ரீமேன்டிலுக்குப் போனார்.

எல்லாருக்கும் முன்னோடி டேவிட் கன்டில்லா. பாதர்ஸ்ட் தீவுக்காரர். 1961இல் அடிலெய்டுக்குப் போய் சவுத் அடிலெய்டில் சேர்ந்தார். முதல் இரண்டு ஆண்டும் கிளப்பின் சிறந்த வீரர் அவர்தான். 1963இல் கடைசி இடத்தில் கிடந்த அந்த அணி 1964இல் பட்டம் வென்றபோது நடுக்களத்தில் எம்பிக் குதித்துப் பந்தைத் தட்டிக்கொடுத்தவர். ஆனால் ஆண்டைக் கவனியுங்கள். 1961. தீவில் லீக் தொடங்கியது 1969இல். லீக் பிறப்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே அவர் போய்விட்டார்.

ஆக, இந்த லீக்கின் புகழாகச் சொல்லப்படும் பெயர்களில் பெரும்பாலானவை இந்த லீக் உருவாக்கியவை அல்ல. குடும்பம் உருவாக்கியது, டார்வின் உருவாக்கியது, விடுதிப் பள்ளி உருவாக்கியது. தீவு லீக் என்பது போகாதவர்களின் லீக். அல்லது போய்த் திரும்பி வந்தவர்களின் லீக். அதனால்தான் அதைத் தனியாகப் பேச வேண்டும் என்கிறேன்.

#6 மதுரை_முருகேசன்

எங்கள் ஊரில் கபடிக்கும் இதே கதை. வெளியே போய்ப் பேர் வாங்கினவன் படம் பேனரில் இருக்கும். முப்பது வருடமாகக் களத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிற ஆள் பேர் யாருக்கும் தெரியாது. தொடருங்கள் அண்ணா.

#7 செங்கமலம்

வுர்ருமியங்காவில் நான்கு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தேன். (2010க்கு முன்பு அந்த ஊரின் பெயர் நுயு. பழைய செய்திகளில் நுயு என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். தீவுகளிலேயே பெரிய ஊர், பாதர்ஸ்ட் தீவின் தென்கிழக்கு மூலையில்.) கிளப்புகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

தெற்கிலிருந்து வருபவர்கள் கிளப் என்றால் ஊர் என்று நினைத்துக்கொள்வார்கள். ராங்கு ஈகிள்ஸ் மட்டும் அப்படிச் சொல்லத்தக்கது. ராங்கு என்பது பாதர்ஸ்ட் தீவின் மேற்குப் பக்கத்தில் உள்ள குட்டிக் குடியிருப்பு. மற்றபடி ஒரே ஊரில், ஒரே தெருவில், எதிரெதிர் கிளப்புக்காரர்கள் இருப்பார்கள். என் வகுப்பில் நான் கண்டவரை கிளப் என்பது குடும்பத்தோடு வருவது. அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லாரும் எங்கே ஆடினார்களோ அங்கே. ஒரு சிறுவனிடம் ‘நீ ஏன் மேக்பைஸ்?’ என்று கேட்டேன். ‘உங்கள் மூக்கு ஏன் உங்கள் முகத்தில்?’ என்பதுபோல் பார்த்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. திவி மக்களுக்குத் தாய்வழியில் நான்கு குலங்கள்: சூரியன், தாழை, கல், மடவை மீன். குலம் தாயிடமிருந்து வருகிறது, நாட்டியம் தந்தையிடமிருந்து வருகிறது. ஆகவே ஒருவன் கிளப்பால் ஒரு பக்கமும் குலத்தால் இன்னொரு பக்கமும் சேர்ந்திருப்பான். களத்தில் இடுப்பைப் பிடித்து வீழ்த்தப்படுகிறவன் வீழ்த்துகிறவனுக்கு மாமன் மகனாகவோ சகோதர முறையாகவோ இருப்பான். இறுதிப் போட்டியில் தோற்றாலும் வென்றாலும் ஏதோ ஒரு வகையில் உறவுக்காரன் வென்றுவிடுகிறான். அதனால் சண்டை குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். உறவுக்காரனிடம் தோற்பதைப் போல எரிச்சலூட்டுவது உலகில் எது?

இன்னொன்று. வர்ணனையாளர்கள் திவி ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசினால் ‘மாயாஜாலம்’ என்ற சொல் தவறாமல் வரும். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. மழையில் ஊறிய தோல்பந்து சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். குனிந்து இரண்டு முறை தடவினால் போச்சு. ஓட்டத்தைக் குறைக்காமல் ஒரே தொடுதலில் எடுக்கத் தெரிய வேண்டும். பள்ளி விட்டதும் இருட்டும் வரை, வெறுங்காலில், சேற்றில், ஆறு வயதிலிருந்து இதைச் செய்கிறார்கள். பெரியவர்களும் ஒரு காலத்தில் வெறுங்காலில்தான் ஆடினார்கள். தினமும் நான்கு மணி நேரம் வயலின் வாசிக்கிற பிள்ளையை நாம் மாயாஜாலம் என்றா சொல்கிறோம்?

#8 ரிச்மண்ட்_ரசிகன்

செங்கமலம் அம்மா, வயலின் உவமையை ஏற்றுக்கொள்கிறேன். இனி அந்தச் சொல்லைப் பயன்படுத்த மாட்டேன்.

#9 அரியாலை_அப்பு

தம்பிமார் எல்லோரும் ஆட்டத்திலேயே நிற்கிறீர்கள். இந்தத் தீவுகளுக்கு உதைபந்தாட்டம் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நான் அவுஸ்திரேலியாவுக்கு வந்து முப்பது வருடங்களுக்கு மேலாகிறது. வேலை நிமித்தம் வட பிரதேசத்தில் சில காலம் இருந்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

1911இல் பிரான்சிஸ் சேவியர் கிசெல் என்ற கத்தோலிக்கக் குருவானவர் பாதர்ஸ்ட் தீவில் மிஷன் அமைத்தார். ஆட்டம் வந்தது அதற்கு முப்பது வருடங்கள் கழித்து, 1941இல், ஜோன் பை, அண்டி ஹவ்லி என்ற இரு மிஷனரிமார் மூலம். அடுத்த வருடமே போர் தீவின் தலைக்கு மேலால் போனது. 1942 பெப்ரவரி 19 அன்று டார்வின் மீது குண்டு போடச் சென்ற ஜப்பானிய விமானங்களைப் பாதர்ஸ்ட் மிஷனில் இருந்த மக்ரா சுவாமியார் கண்டு வானொலியில் எச்சரித்தார். டார்வினில் அதை எவரும் பொருட்படுத்தவில்லை. அன்று நொறுங்கிய விமானம் ஒன்று மெல்வில் தீவில் விழ, அதன் விமானியைப் பிடித்தவர் மத்தியாஸ் உலுங்குரா என்ற திவி இளைஞர். அவுஸ்திரேலிய மண்ணில் பிடிபட்ட முதலாவது ஜப்பானியக் கைதி.

போருக்குப் பிறகு இராணுவ முகாம்களில் வேலை தேடித் திவி ஆட்கள் டார்வின் போனார்கள். அவர்கள் ஆடுவதற்கென்று 1952இல் உருவானதுதான் செயின்ட் மேரிஸ். ஏன் தனிக் கழகம் தேவைப்பட்டது? டார்வின் லீக்கிலே 1920களின் பின்பகுதியில் சில வருடங்கள் வெள்ளையர் அல்லாதவர் ஆடவே கூடாது என்று தடை இருந்தது என்பதை நினைவில் வையுங்கள். தடை போனாலும் அதன் வாடை உடனே போய்விடுமா?

இன்னும் ஒன்று, எழுதவே மனம் கூசுகிறது. மெல்வில் தீவின் கார்டன் பொயிண்ட், இன்றைய பிர்லங்கிம்பி. 1940 வாக்கில் அங்கே ஒரு மிஷன் திறந்து, கலப்புப் பெற்றோருக்குப் பிறந்த பழங்குடிப் பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து வளர்த்தார்கள். 1960களின் இறுதி வரை அது நடந்தது. ‘திருடப்பட்ட தலைமுறைகள்’ என்று இன்று சொல்லப்படுகிறவர்களில் அவர்களும் அடக்கம். மைக்கேல் லாங்கின் தாயும் தந்தையும் அப்படிக் கொண்டுவரப்பட்டவர்கள். 2004இல் அவர் பிரதமரைச் சந்திப்பதற்காக மெல்பேர்ணிலிருந்து கன்பராவுக்கு நடக்கத் தொடங்கியபோது பத்திரிகைகள் வியந்தன. பெற்றோரின் கதையை அறிந்தவர்கள் வியந்திருக்க மாட்டார்கள்.

ஆகையால் ரிச்மண்ட் தம்பியின் பட்டியல் அழகானதுதான். ஆனால் அந்தக் குடும்பங்களிலே சில, அந்தத் தீவிலே எப்படி வந்து சேர்ந்தன என்பதையும் பட்டியலோடு சேர்த்து எழுத வேண்டும்.

#10 ரிச்மண்ட்_ரசிகன்

அப்பு ஐயா, மதிப்புடன் ஒரு கேள்வி. மிஷன் செய்த கொடுமையை மறுக்கவில்லை. ஆனால் பந்தைக் கொண்டுவந்ததும் அவர்களே. அந்தப் பந்து இல்லாவிட்டால் நாம் பேசிக்கொண்டிருக்கும் எதுவும் இல்லை. இரண்டையும் ஒரே தராசில் எப்படி வைப்பது?

#11 அரியாலை_அப்பு

தராசில் வைக்க வேண்டும் என்று யார் சொன்னது? எங்களுக்கும் கிரிக்கெட்டை வெள்ளைக்காரன்தான் தந்தான். அதற்காக அவன் எடுத்துக்கொண்டதைக் கணக்கில் கழித்தோமா? பந்து கையிலே வந்த பிறகு அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதுதான் அவர்களுடைய கதை. 1969இல் தொடங்கி இன்றுவரை மழைக்கு மழை லீக்கை நடத்திக்கொண்டு வருவது மிஷன் அல்ல.

#12 தென்துருவம்

இந்த ஆட்டமே பழங்குடி மக்களின் ‘மார்ன்க்ரூக்’ என்ற ஆட்டத்திலிருந்து பிறந்தது என்று சொல்கிறார்களே? அப்படியானால் மிஷன் கொண்டுவந்தது என்பதே தவறாகிவிடாதா?

#13 மட்டுறுத்துநர்

மார்ன்க்ரூக் விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, 40 பக்கம் ஓடியும் முடியவில்லை. அந்த ஆட்டம் தென்கிழக்கே விக்டோரியாப் பகுதி மக்களுடையது. திவி தீவுகளுக்கும் அதற்கும் 3,000 கி.மீ. தூரம். இங்கே அதைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

#14 மதுரை_முருகேசன்

எனக்கு வேறு சந்தேகம். ஆஸ்திரேலியாவில் புலி கிடையாது. அப்புறம் எப்படி டைகர்ஸ்? எருமையும் இருக்கிறதே பட்டியலில்?

#15 செங்கமலம்

புலி, புல்டாக், மேக்பை, ஈகிள் எல்லாம் தெற்கின் பெரிய கிளப்புகளிடமிருந்து வாங்கிய பெயர்கள். இமாலு ஆட்கள் மேலே ரிச்மண்ட் போலக் கருப்பு மஞ்சள் பூண்டு நிற்பதை ரிச்மண்ட்_ரசிகன் பார்த்தால் கண் கலங்கிவிடுவார்.

எருமை மட்டும் உண்மை எருமை. 1824இல் பிரிட்டிஷார் மெல்வில் தீவில் டண்டாஸ் கோட்டை என்று ஒன்றைக் கட்டினார்கள். வட ஆஸ்திரேலியாவில் அவர்கள் காலூன்றிய முதல் முயற்சி. இறைச்சிக்காகத் தீமோரிலிருந்து எருமைகளை இறக்கினார்கள். திவி மக்களின் எதிர்ப்பு, காய்ச்சல், பற்றாக்குறை எல்லாம் சேர்ந்து விரட்ட, 1829இல் கோட்டையைக் கைவிட்டுப் போனார்கள். எருமைகள் போகவில்லை. காட்டில் பெருகின. பின்னாளில் அவற்றைச் சுட்டுத் தோல் விற்கும் தொழிலே அங்கு நடந்தது. கோட்டையில் இப்போது மிஞ்சியிருப்பது பள்ளமும் மண்மேடும். துயு பஃபலோஸ் இன்றும் ஆடுகிறது.

#16 டார்வின்வாசி

இதற்காகத்தான் இந்த இழையைத் தொடங்கினேன், நன்றி டீச்சர்.

இப்போது எனக்கு உண்மையிலேயே விடை தெரியாத ஒரு விஷயம். 2006-07 பருவத்திலிருந்து திவி பாம்பர்ஸ் என்ற பெயரில் தீவுகளுக்கென்று ஒரே அணி டார்வின் லீக்கில் ஆடத் தொடங்கியது. பாம்பர்ஸ் என்பது எசெண்டனின் பெயர். 2011-12இல் பட்டமே வென்றார்கள். டார்வினில் அன்று நான் இல்லை, ஆனால் அதைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். கேள்வி: தீவின் சிறந்த இருபது பேர் சனிக்கிழமைதோறும் விமானம் ஏறி டார்வினுக்குப் போனால், ஞாயிற்றுக்கிழமை இமாலுவுக்கும் ராங்குவுக்கும் யார் மிச்சம்? பாம்பர்ஸ் வந்தது லீக்குக்கு நல்லதா, கெட்டதா?

#17 ரிச்மண்ட்_ரசிகன்

நல்லதுதான். அதற்கு முன்பு திறமைசாலி ஒருவன் மேலே வர வேண்டுமானால் வீட்டைவிட்டு டார்வினில் குடியேற வேண்டும், யாரோ ஒருவர் வீட்டில் தங்க வேண்டும். பாம்பர்ஸ் வந்த பிறகு தீவில் தூங்கி எழுந்து, ஆடிவிட்டு, இரவு தன் படுக்கைக்குத் திரும்பலாம். வீட்டு ஏக்கத்தில் பாதியில் திரும்பிய பையன்களின் கதைகள் எத்தனை!

#18 செங்கமலம்

நான் இருந்த ஆண்டுகளில் பார்த்ததைச் சொல்கிறேன். எல்லா ஆண்டுக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை. சனிக்கிழமை டார்வினில் ஆடியவர்கள் ஞாயிற்றுக்கிழமை காயக்கட்டோடு வந்து தீவில் தங்கள் கிளப்புக்கும் ஆடினார்கள். பயிற்சியாளர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் ‘நேற்றுதான் டார்வினில் ஆடினாய், இன்று ஓய்வெடு’ என்று சொன்னால் ஒருவனும் கேட்டதில்லை. தலைகீழாக நடந்திருக்கிறது: ஞாயிறு மேக்பைஸுக்கும் டைகர்ஸுக்கும் ஆட்டம் என்றால் சனிக்கிழமை விமானத்தில் இரண்டு மூன்று இருக்கை காலியாகப் போகும்.

எனக்குப் பட்டது இதுதான். பாம்பர்ஸ் என்றால் தீவுகள் முழுக்க ஒன்று சேர்ந்து வெளியாருக்கு எதிராக நிற்பது. அது பெருமைக்குரியது, எல்லாரும் கொண்டாடுவார்கள். ஆனால் மறுநாள் தெருவில் நடக்கும்போது ஒருவன் கேலி செய்யப்படுவது கிளப் ஆட்டத்தில் கோட்டைவிட்ட கோலுக்காகத்தான். டார்வினில் தவறவிட்டதை யாரும் நினைவில் வைப்பதில்லை.

கெட்டது என்று ஒன்றைச் சொல்லலாம். மெல்வில் பக்கத்து ஆட்களுக்குப் பாடு அதிகம். பிர்லங்கிம்பியிலிருந்தும் மிலிகப்பிட்டியிலிருந்தும் மழைக்காலத்தில் மண்பாதையில் வந்து, நீரிணையைக் கடந்து வுர்ருமியங்கா சேர்வதே ஒரு ஆட்டம் ஆடிய களைப்பு. அதற்கு மேல் டார்வின் என்றால் வாரத்தில் இரண்டு நாள் பயணத்திலேயே போய்விடும். செலவு செய்ய வசதி இருந்தால் அதைத்தான் முதலில் சரிசெய்வேன். இன்னொரு பளபளப்பான அணி தேவையில்லை.

#19 அரியாலை_அப்பு

பிள்ளை சொல்வது சரி. ஒன்றைச் சேர்க்கிறேன். அங்கே ஒரு மரணம் நடந்தால் ஆட்டம் தள்ளிப்போகும். புகுமணி என்ற சடங்கு உண்டு, வண்ணம் தீட்டிய கம்பங்கள் நட்டு ஆடுவார்கள். இறந்தவர் பெயரைக் கொஞ்சக் காலம் வாயால் சொல்லவும் மாட்டார்கள். டார்வின் லீக்கின் அட்டவணைக்கு அதெல்லாம் புரியுமா? தீவின் லீக் தன் அட்டவணையைத் தானே போடுகிறபடியால் துக்கத்துக்கு இடம் விட முடிகிறது. தனி லீக் வேண்டும் என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

#20 ரிச்மண்ட்_ரசிகன்

இந்தக் கோணத்தை நான் யோசித்ததே இல்லை, ஐயா.

சரி, டார்வின்வாசி, ஒரு உடன்பாட்டுக்கு வருவோம். நட்சத்திரங்களைப் பற்றி இனி இந்த இழையில் எழுத மாட்டேன். பதிலுக்கு நீங்கள் அந்த இறுதிப் போட்டி நாளை எழுதுங்கள். போனவர் நீங்கள்தானே. முதல் பதிவில் வரிசையில் நின்றதோடு நிறுத்திவிட்டீர்கள்.

#21 டார்வின்வாசி

நியாயம். எழுதுகிறேன்.

படகில் இரண்டரை மணி நேரம். கடல் கொஞ்சம் புரட்டியது. என்னருகில் இருந்த ஒருவர் வாய் திறக்காமல் கண்ணை மூடியபடியே வந்தார். சாதாரண நாட்களில் தீவுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த நிலம் திவி மக்களுடையது. நில மன்றம் அனுமதி தர வேண்டும். அந்த ஒரு நாள் மட்டும் யாரும் வரலாம்.

இறங்கியதும் கூட்டம் மைதானத்துக்குப் போகவில்லை. முதலில் ஓவியங்களுக்குப் போனது. தீவுகளின் கலைக்கூடங்கள் தங்கள் படைப்புகளை அன்று விற்பனைக்கு வைக்கின்றன. காவி, மஞ்சள், வெள்ளை, கரி என்று மண்ணில் எடுத்த நிறங்கள். சீப்பு மாதிரிச் செதுக்கிய மரத்துண்டை நிறத்தில் தோய்த்துப் புள்ளி வரிசை வைக்கிறார்கள். என் மனைவி கோலத்தை நினைத்துக்கொண்டு ஒரு பறவைச் சிற்பத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார். விலையைப் பார்த்த பின்பும் நின்றார். பறவை இப்போது எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறது.

ஆட்டம் மதியத்துக்கு மேல். மைதானத்தைச் சுற்றிக் கார்களின் மேல், மரத்தடியில், பாய் விரித்து, குடும்பம் குடும்பமாக. இரண்டு அணிகளில் எது என்று முடிவு செய்யாமல் நான் நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி என் சட்டையைப் பார்த்தார். நீலம். முகத்தைச் சுளித்து, பேத்தியை அனுப்பித் தன் கிளப்பின் துண்டு ஒன்றைக் கொண்டுவரச் செய்து என் தோளில் போட்டார். அவ்வளவுதான், கட்சி முடிவாகிவிட்டது. எந்தக் கிளப் என்று இங்கே சொன்னால் டீச்சர் என்னோடு பேச மாட்டார்.

மூன்றாம் கால்பகுதியில் மழை பிடித்தது. வானம் கிழிந்து ஊற்றியது என்றுதான் சொல்ல வேண்டும். யாரும் எழவில்லை. ஆட்டத்தின் வேகமும் குறையவில்லை. டீச்சர் சொன்ன அந்த ஒரே தொடுதலை அங்கேதான் பார்த்தேன்: தண்ணீரில் சறுக்கிப் போகும் பந்தை ஒரு இளைஞன் பார்க்காமலே இடக்கையால் அள்ளி, நிமிர்வதற்குள் குத்திவிட்டு, இன்னும் ஓடிக்கொண்டிருந்தான். அவன் பெயர் எனக்குத் தெரியாது. கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது; காதில் விழுந்தும் என் நாக்குக்குப் பிடிபடவில்லை. எந்தத் தொலைக்காட்சியிலும் அவனைப் பிறகு பார்க்கவில்லை.

பாட்டியின் அணி தோற்றது. துண்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு கொண்டு வா என்றார்.

#22 மதுரை_முருகேசன்

அண்ணா, துண்டைக் கொண்டுபோனீர்களா இல்லையா?

#23 டார்வின்வாசி

போன ஆண்டு மனைவிக்கு உடல்நிலை சரியில்லை, போக முடியவில்லை. இந்த மார்ச்சுக்குப் படகு டிக்கெட் எடுத்துவிட்டேன். துண்டு துவைத்து மடித்து வைத்திருக்கிறது. ரிச்மண்ட்_ரசிகன், மெல்பர்னிலிருந்து வருவதென்றால் இப்போதே பதிவு செய்துவிடுங்கள், கடைசி வாரத்தில் இடம் கிடைக்காது. எங்கள் வீட்டில் ஒரு அறை இருக்கிறது.

#24 ரிச்மண்ட்_ரசிகன்

வருகிறேன். இமாலுவுக்காகக் கத்த என்னிடம் கருப்பு மஞ்சள் சட்டை ஏற்கெனவே பெட்டி நிறைய இருக்கிறது. குடை எடுத்துவர வேண்டுமா?

#25 செங்கமலம்

குடை வேண்டாம். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மறைக்கும், திட்டு வாங்குவீர்கள். மாற்றுச் சட்டை இரண்டு எடுத்துவாருங்கள்.

இமாலு இறுதிக்கு வந்தால்தானே கத்துவீர்கள்.